பொம்பெயி நகரைப் பலகை விளையாட்டாக்குவது எப்படி? முழுமையான வழிகாட்டி

இத்தாலியில் கி.பி. 79-இல் வெசுவியஸ் எரிமலை வெடித்துப் புதைந்துபோன பொம்பெயி நகரின் மதுக்கடை ஒன்றிலிருந்து பெயர்த்தெடுத்த சுவரோவியம் ஒன்று நேப்பிள்ஸ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. இரண்டு பேர் பகடை ஆடுகிறார்கள். ஒருவன் தன் ஆட்டம் முடிந்துவிட்டது என்கிறான். மற்றவன், "அது மூன்று இல்லை, இரண்டு" என்கிறான். அடுத்த படத்தில் கைகலப்பு. கடைக்காரர் இருவரையும் தள்ளிக்கொண்டே, "சண்டை போடுவதென்றால் வெளியே போங்கள்" என்கிறார். விளையாட்டு உருவாக்குகிறவர்கள் அனைவரும் இந்தப் படத்தை மேசைக்கு மேல் ஒட்டிவைத்துக்கொள்ளலாம். விதியில் எங்கே ஓட்டை இருக்கிறதோ அங்கே சண்டை வரும் என்பதற்கு இரண்டாயிரம் ஆண்டுப் பழைய சாட்சி அது.

பொம்பெயிக் கட்டடங்களை வைத்து நான் செய்த விளையாட்டின் அனுபவத்திலிருந்து இதை எழுதுகிறேன். ஒரே ஒரு கொள்கையைத்தான் பிடித்துக்கொண்டேன்: ஒரு கட்டடம் அந்த ஊரில் என்ன வேலை செய்ததோ, விளையாட்டிலும் அதுவே அதன் விதியாக இருக்க வேண்டும். தூண்களும் கூரை ஓடுகளும் வரைந்துவிட்டு, உள்ளே "ரொட்டிக்கடை கட்டினால் 3 புள்ளி, கோயில் கட்டினால் 5 புள்ளி" என்று வைத்தால், அது பரமபதத்துக்கு ரோமானியச் சாயம் பூசிய கதைதான்.

படி 1: எரிமலையை விட்டுவிடுங்கள்

பொம்பெயி என்றதும் எல்லோருக்கும் முதலில் தோன்றுவது 79-ஆம் ஆண்டும் வெசுவியஸ் எரிமலையும். எனக்கும் அப்படித்தான். முதல் வடிவத்தில் பகடையில் ஆறு விழுந்தால் சாம்பல் கொட்டும். இருபது நிமிடம் யோசித்துக் கட்டியதை ஒரு பகடை அழித்துவிடும். இரண்டு ஆட்டத்துக்குப் பிறகு யாரும் கட்டவே முனையவில்லை. ஓடித் தப்பிக்கத்தான் பார்த்தார்கள். கட்டடங்களைப் பற்றிய விளையாட்டில் கட்டடங்கள் மேல் யாருக்கும் அக்கறை இல்லை என்றால் என்ன பயன்?

அதற்கு முந்தைய பதினேழு ஆண்டுகள்தான் சுவையான காலம். 62-ஆம் ஆண்டு வாக்கில் பெரிய நிலநடுக்கம் ஒன்று நகரைக் குலுக்கியது. கேசிலியஸ் யுகுண்டஸ் என்ற ஏலக்காரரும் வட்டிக்கடைக்காரருமான ஒருவரின் வீட்டில் கிடைத்த புடைப்புச் சிற்பத்தில் ஜூபிடர் கோயில் ஒருபக்கமாகச் சாய்ந்து நிற்பதைக் காணலாம். அதன்பின் ஊரே கொத்தனார் வேலையில் இருந்தது. எரிமலை வெடித்தபோதுகூடப் பல கட்டடங்கள் பாதி வேலையில்தான் நின்றன. யார் எதைச் சீரமைப்பது, யார் பெயரைக் கல்லில் வெட்டுவது, இடிந்த வீட்டை வீடாகவே வைப்பதா பட்டறையாக மாற்றுவதா என்று ஊரில் அன்று நிலவிய போட்டி நமக்குத் தயாராகக் கிடைக்கிறது.

ஆகவே ஆட்டம் 62-இல் தொடங்கும். ஒரு சுற்றுக்கு இரண்டு ஆண்டு. மொத்தம் எட்டுச் சுற்று. ஆனால் சுற்றுகளைக் குறிக்கும் பட்டையில் ஒன்பது கட்டங்களை வரைந்திருக்கிறேன். ஒன்பதாவது வெறுமையாக இருக்கும். அதில் காய் போவதே இல்லை. விதிப்புத்தகத்திலும் அதைப் பற்றி ஒரு சொல் கிடையாது.

படி 2: ஊரைச் சுருக்குவது

மதிலுக்குள் சுமார் 66 ஹெக்டேர் கொண்ட ஊர் அது. முழுவதையும் பலகைக்குக் கொண்டுவர முடியாது, கொண்டுவரவும் கூடாது. தெருக்களால் சூழப்பட்ட வீட்டுத் தொகுதியை இலத்தீனில் இன்சுலா என்பார்கள். தீவு என்று பொருள். அதையே அலகாக எடுத்துக்கொண்டேன். மூன்றுக்கு மூன்று என ஒன்பது தொகுதிகள். தொகுதிக்கு நான்கு மனைகள்.

அளவு பிசகலாம், திசை பிசகக் கூடாது. வடக்கே வெசுவியஸ் வாயில். அங்கிருந்து தெற்காக இறங்குவது ஸ்தாபியா தெரு. பலகையின் கிழக்குப் பக்க நெடுந்தெரு அது. குறுக்கே மேலே நோலா தெரு, கீழே இன்று அபொண்டான்சா என்று அழைக்கப்படும் பெருந்தெரு. இந்தக் கோடுகளைப் போட்டதும் மற்றவை தாமாகவே இடம்பிடித்துக்கொண்டன. மேற்கு நடுத்தொகுதி நகர்ச் சதுக்கம். அங்கே யாரும் கட்ட முடியாது. கிழக்கு நடுத்தொகுதி மத்தியக் குளியல்மண்டபம். தெற்கு நடுவில் எகிப்தியப் பெண்தெய்வமான ஐசிஸின் கோயில். தென்கிழக்கில் ஸ்தெபானஸின் சலவைப் பட்டறை. உண்மை நகரிலும் ஏறக்குறைய இதே அமைப்புதான்.

கட்டடங்களைக் குறிக்கும் அட்டைச் சில்லுகளுக்கு எண் கொடுக்கும்போது தொல்லியல் ஆய்வாளர்களின் முகவரியையே பயன்படுத்துங்கள். 19-ஆம் நூற்றாண்டில் ஜுசெப்பே ஃபியோரெல்லி ஊரை ஒன்பது வட்டாரங்களாகப் பிரித்து, தொகுதிக்கும் வாசலுக்கும் எண் கொடுத்தார். ஃபான் மாளிகை 6.12.2, ஸ்தெபானஸின் பட்டறை 1.6.7, ஐசிஸ் கோயில் 8.7.28. சில்லின் மூலையில் சிறிதாக இதை அச்சிட்டால், ஆட்டம் முடிந்து வீட்டுக்குப் போகிறவர் அந்த எண்ணை வைத்து உண்மை வரைபடத்தில் தேடிப் பார்ப்பார்.

சதுக்கத்துக்கு நான்கு, குளியல்மண்டபத்துக்கு நான்கு போக 28 மனைகள் மீதி. அவற்றில் 12-இல் தொடக்கத்திலேயே "இடிந்த வீடு" சில்லுகளை வைத்துவிடுவேன்.

படி 3: கட்டடத்திடம் விதியைக் கேட்பது

வழிகாட்டியின் உயிர் இந்தப் படிதான். ஒவ்வொரு கட்டடத்துக்கும் மூன்று கேள்விகளை ஒரு தாளில் எழுதுங்கள். உள்ளே என்ன போனது? வெளியே என்ன வந்தது? பக்கத்து வீட்டுக்காரருக்கு என்ன ஆயிற்று? மூன்றாவது கேள்விக்குப் பதில் கிடைக்காத கட்டடத்தை நான் எடுத்துக்கொள்வதில்லை.

ரொட்டி அடுமனையைப் பாருங்கள். பொம்பெயியில் முப்பதுக்கும் மேற்பட்ட அடுமனைகள் கிடைத்திருக்கின்றன. பலவற்றில் எரிமலைப் பாறையில் செதுக்கிய, இடுப்பு ஒடுங்கிய மாவரைக்கும் கல் நிற்கும். கழுதை அதைச் சுற்றிச் சுற்றி இழுக்கும். ஒரு கடையின் அடுப்புக்குள் 81 ரொட்டிகள் கரியாகி அப்படியே கிடைத்தன. ரொட்டி தொலைவுக்குப் போகிற சரக்கு அல்ல, அக்கம்பக்கத்தார் வாங்குவது. ஆகவே விதி இது: அடுமனை கட்ட 5 காசு, அதே தொகுதியில் குடியிருப்புக்கு உகந்த வீடு எத்தனையோ, சுற்றுக்கு அத்தனை காசு வருமானம். ஒரே தொகுதியில் இரண்டு அடுமனைகள் இருந்தால் வருமானத்தைப் பங்கிட்டுக்கொள்ள வேண்டும். விதியைச் சொல்லி முடித்ததுமே விளையாடுகிறவருக்குப் புரிந்துவிடும், ஏனென்றால் நம் தெருவிலும் அதுதான் நடக்கிறது.

2023-இல் ஒன்பதாம் வட்டாரத்தில் ஓர் அடுமனை வெளிப்பட்டது. இரும்புக் கம்பி போட்ட சிறு சன்னல்கள் மட்டும் உடைய அறை. அடிமைகளையும் கழுதைகளையும் ஒன்றாக அடைத்து வேலை வாங்கிய இடம். அடிமைகளைக் காய்களாக்கி வாங்கி விற்கும் விதியை நான் வைக்கவில்லை. அதே சமயம் அவர்கள் இல்லவே இல்லை என்று நடிக்கவும் மனமில்லை. அடுமனைச் சில்லில் அந்தக் கம்பிச் சன்னலை வரைந்திருக்கிறேன். நீங்கள் ஏற்று விளையாடும் குடும்பங்கள் சன்னலுக்கு வெளியே இருந்தவர்கள் என்று விதிப்புத்தகத்தின் முதல் பக்கத்திலேயே சொல்லியிருக்கிறேன்.

அடுத்து சலவைப் பட்டறை. ரோமானியர்கள் கம்பளித் துணியைச் சிறுநீரும் மண்ணும் கலந்து மிதித்து வெளுத்தார்கள். வருமானம் உண்டு, தண்ணீர் வேண்டும், நாற்றம் அடிக்கும். ஸ்தெபானஸின் பட்டறை முதலில் ஒரு வீடு. முற்றத்தில் மழைநீர் விழும் தொட்டியையே துணி அலசும் தொட்டியாக மாற்றிவிட்டார்கள். இதிலிருந்து கிடைத்த விதி எனக்கு மிகவும் பிடித்தது: வெற்று மனையில் பட்டறை கட்ட 5 காசு, இடிந்த வீட்டைப் பட்டறையாக மாற்ற 2 காசு போதும். அதே இடிந்த வீட்டை வீடாகவே சீரமைக்க 4 காசு. ஆட்ட முடிவில் 4 புள்ளி. பணமா, மானமா என்ற கேள்வி முதல் சுற்றிலேயே எழுந்துவிடும்.

உணவுக்கடையை நீட்டி முழக்க வேண்டியதில்லை. கல்மேடையில் பதித்த சாடிகளிலிருந்து விற்பனை, நாற்சந்தி மூலையில்தான் வியாபாரம். ஆகவே மூலை மனையில் மட்டும் கட்டலாம். விலைக்கு ஒரு குறிப்பு: ஹெடோனே என்ற பெண்ணின் கடைச் சுவரில், ஒரு ஆஸ் (ரோமானியச் சிறுகாசு) கொடுத்தால் குடிக்கலாம், இரண்டு கொடுத்தால் நல்லதாகக் குடிக்கலாம், நான்கு கொடுத்தால் ஃபலெர்னிய மதுவே கிடைக்கும் என்று எழுதியிருந்தது. என் விளையாட்டின் காசுகளையும் அப்படியே 1, 2, 4 என்று வைத்துக்கொண்டேன்.

மாளிகைகளுக்கு வாடகை. அலேயஸ் நிகிடியஸ் மாயஸ் என்ற பெரும்புள்ளி, ஜூலை 1 முதல் கடைகள், மாடி அறைகள், வீடு ஆகியவை வாடகைக்கு உண்டு என்றும், தன் அடிமை பிரைமஸை அணுகவும் என்றும் சுவரில் எழுதிவைத்திருந்தார். ஆகவே உங்கள் மாளிகையின் தெருமுகப்பில் இன்னொருவர் உணவுக்கடை போடலாம். சுற்றுக்கு 1 காசு உங்களுக்கு வரும்.

மாளிகைக்குள் வைக்கும் அலங்கார அட்டைகளில் ஒன்று, 1938-இல் பொம்பெயியில் கிடைத்த இந்தியத் தந்தச் சிற்பம். நம்மவர்கள் விளையாடும்போது அந்த அட்டைக்குத்தான் அடிதடி. தமிழகத்துச் சிலை என்று அட்டையில் எழுத ஆசை வரும். அதற்கு ஆதாரம் இல்லை, எழுதாதீர்கள்.

வாள்வீரர் மோதும் அரங்கான ஆம்பிதியேட்டருக்குச் செலவில்லாமல் ஒரு விதி கிடைத்தது. 59-இல் அங்கே பக்கத்து ஊரான நுகேரியாக்காரர்களோடு கல்லெறிந்து தொடங்கிய கலவரம் கொலையில் முடிந்தது. ரோம் நகரின் செனட் பத்து ஆண்டுகளுக்கு அங்கே கேளிக்கைகளைத் தடை செய்தது என்று ரோமானிய வரலாற்றாசிரியர் டாசிட்டஸ் எழுதுகிறார். கணக்குப் போட்டால் 69 வரை. ஆகவே முதல் நான்கு சுற்றுகள் அரங்கு மூடியிருக்கும். ஐந்தாம் சுற்றில் திறந்ததும், 4 காசு செலவழித்து வாள்வீரர் ஆட்டம் நடத்துகிறவருக்கு 3 புள்ளி.

படி 4: தண்ணீர்

ஊரின் மிக உயரமான இடமான வெசுவியஸ் வாயிலருகே நீர்ப்பங்கீட்டு மண்டபம் இருந்தது. மூன்று வழியாகப் பிரிந்த நீர் ஈயக் குழாய்களில் கீழே இறங்கி, இடையிடையே நின்ற நீர்த்தூண்களில் அழுத்தம் குறைந்து, தெருக்குழாய்களுக்கும் குளியல்மண்டபங்களுக்கும் வசதியான வீடுகளுக்கும் போயிற்று. நிலநடுக்கத்துக்குப் பிறகு இந்த ஏற்பாடு சீர்குலைந்தது. 79-இல்கூடக் குழாய்க்காகத் தோண்டிய பள்ளங்கள் மூடப்படாமல் கிடந்தன.

பலகையில் தொகுதிகளுக்கு இடையே 12 தெருத் துண்டுகள் இருக்கின்றன. குழாய்களுக்கு நான் எடுத்தது தீக்குச்சி. ஸ்தாபியா தெருவின் வட முனையிலிருந்து தொடங்கி ஒன்றோடொன்று ஒட்டியே வைக்க வேண்டும். ஒன்றுக்கு 2 காசு. குச்சி தொடும் தொகுதிக்கு நீர் உண்டு. பட்டறைக்கும் குளியல்மண்டபத்துக்கும் நீர் கட்டாயம்.

இதில் ஒரு சிக்கல் வந்தது. ஒருவர் போட்ட குழாயில் எல்லோரும் பயனடைவதால், அடுத்தவர் போடட்டும் என்று நால்வரும் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்கள். தீர்வு வரலாற்றிலேயே இருந்தது. ஆம்பிதியேட்டரைக் கட்டிய வால்கஸும் போர்கியஸும் தங்கள் பெயரைக் கல்லில் வெட்டிவைத்தார்கள். ஊருக்குச் செய்கிறவர் பெயர் இல்லாமல் செய்யமாட்டார். குச்சி வைக்கிறவருக்கு ஒரு பெயர்ச்சில்லும் 1 புள்ளியும் என்று மாற்றியதும் மூன்றே சுற்றில் பாதி ஊருக்குத் தண்ணீர் வந்துவிட்டது.

மத்தியக் குளியல்மண்டபத்தையும் இதே முறையில் வைத்தேன். நான்கு கட்டம், கட்டத்துக்கு 5 காசு, 3 புள்ளி, யார் வேண்டுமானாலும் கொடுக்கலாம். கடைசிக் கட்டத்துக்கு நீர் வந்திருக்க வேண்டும். உண்மையில் அது 79 வரை முடியவில்லை. எங்கள் மேசையிலும் பெரும்பாலும் முடிவதில்லை.

படி 5: பெயரும் பதவியும்

பொம்பெயியின் சுவர்களில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட தேர்தல் விளம்பரங்கள் கிடைத்திருக்கின்றன. இன்னாரை ஈடில் பதவிக்குத் தேர்ந்தெடுங்கள் என்று பழக்கடைக்காரர்கள் கேட்பார்கள். இரவில் நெடுநேரம் குடிப்பவர்கள் அனைவரும் வாட்டியா என்ற வேட்பாளரை ஆதரிக்கிறோம் என்று ஒரு சுவர் சொல்லும். அது எதிரியின் குறும்பு என்றே பலர் எண்ணுகிறார்கள்.

ஈடில் என்பவர் தெருக்களையும் சந்தையையும் பொதுக்கட்டடங்களையும் கவனிக்கும் அதிகாரி. எங்கள் ஆட்டத்தில் 2, 4, 6-ஆம் சுற்றுகளின் முடிவில் தேர்தல். 1 காசுக்கு ஒரு விளம்பரச் சில்லு. எதிரி வீட்டுச் சுவரிலும் ஒட்டலாம். அதிகத் தொகுதிகளில் பெயர் தெரிகிறவர் ஈடில்: 3 புள்ளி, ஒரு குழாய் இலவசம், திசை அவர் விருப்பம். தேர்தல் முடிந்ததும் எல்லாச் சில்லுகளையும் எடுத்துவிட வேண்டும். அங்கேயும் வெள்ளையடித்துவிட்டுத்தான் அடுத்ததை எழுதினார்கள்.

ஒருவருக்கு மட்டும் வேறு விதி. அவர் குடும்பம் விடுதலை பெற்ற அடிமையின் குடும்பம். மற்றவர்களுக்கு வெளியூர் நிலத்திலிருந்து சுற்றுக்கு 3 காசு, இவருக்கு 4. ஆனால் தேர்தலில் நிற்க முடியாது. வழி ஒன்றுதான்: 8 காசு கொடுத்து ஐசிஸ் கோயிலைத் திரும்பக் கட்டுவது. உண்மையில் அந்தக் கோயில் வாசல் கல்வெட்டு, அதை அடித்தளத்திலிருந்து கட்டியவர் நுமேரியஸ் போபிடியஸ் கெல்சினஸ் என்றும், நகரசபை அவரைக் கட்டணமின்றி உறுப்பினராகச் சேர்த்துக்கொண்டது என்றும் சொல்கிறது. அப்போது அவருக்கு வயது ஆறு! தந்தை விடுதலை பெற்ற அடிமை என்பதால் சபையில் உட்கார முடியாது, மகனுக்குத் தடையில்லை. இந்தக் கதையை மேசையில் சொன்னால் சிரிக்காதவர் இல்லை.

படி 6: கணக்கு

அடுமனையை வைத்தே காட்டுகிறேன். செலவு 5, தொகுதியில் இரண்டு வீடு என்றால் வருமானம் 2. கட்டிய மறுசுற்றிலிருந்து காசு வரும். முதல் சுற்றில் கட்டினால் ஏழு முறை, 14 காசு, 9 இலாபம். ஐந்தாம் சுற்றில் கட்டினால் மூன்று முறை, 6 காசு, 1 இலாபம். ஆறாம் சுற்றில் கட்டினால் 4 காசுதான் வரும், நட்டம். மீதிக் காசுக்குப் புள்ளி கிடையாது. ஆகவே ஆறாம் சுற்றுமுதல் யாரும் கடை கட்டமாட்டார்கள். கோயில், குளியல்மண்டபம், அரங்கு என்று திரும்புவார்கள். ஆட்டத்தின் நடுவில் இந்தத் திருப்பம் விழுகிறதா என்று எல்லாக் கட்டடங்களுக்கும் கணக்குப் போடுங்கள்.

சலவைப் பட்டறையில்தான் நான் கோட்டைவிட்டேன். இடிந்த வீட்டை மாற்ற 2, ஒரு குழாய் 2, ஆக 4 காசு. வருமானம் சுற்றுக்கு 3 என்றால் ஏழு சுற்றுக்கு 21. யார் முதலில் பட்டறை வைத்தாரோ அவரே ஜெயித்தார். அதே தொகுதி மாளிகைகளுக்கு நாற்றத்தால் 1 புள்ளி குறையும் என்றேன். நிலைமை மோசமாயிற்று: எதிரியின் வீட்டருகே வேண்டுமென்றே பட்டறை வைக்கத் தொடங்கினார்கள். கடைசியில், அதே தொகுதியில் மாளிகை வைத்திருக்கும் மற்றவர்களுக்கு மாளிகைக்கு 1 காசு வீதம் சுற்றுதோறும் கொடுக்க வேண்டும் என்று வைத்தேன். இதற்கு வரலாற்று ஆதாரம் எதுவும் இல்லை. என் விளையாட்டில் நான் வளைத்துக்கொண்ட ஒரே இடம் இது. வீட்டில் இதற்கு "நாற்றக் காசு" என்று பெயர்.

படி 7: வெள்ளோட்டம்

அழகாக அச்சிட்டுவிட்டு வெள்ளோட்டம் விடாதீர்கள். அழகானதைத் திருத்த மனம் வராது. பழைய கல்யாணப் பத்திரிகைகளின் பின்பக்கம் சில்லுக்கு மிக நன்றாக உதவும். கனமும் உண்டு, செலவும் இல்லை. காசுக்குப் புளியங்கொட்டை. குடும்ப அடையாளத்துக்கு நான்கு நிறப் பொத்தான்கள்.

என் முதல் வடிவத்தில் கோதுமை, திராட்சை மது, எண்ணெய், செங்கல், மரம், ஈயம், பளிங்கு என்று ஏழு பொருள்கள் இருந்தன. நாற்பதாவது நிமிடத்தில் ஒருவர் கைபேசியை எடுத்தார். ஐந்து நிமிடத்தில் மற்ற மூவரும் எடுத்துவிட்டார்கள். மறுநாள் காசையும் தண்ணீரையும் மட்டும் வைத்துக்கொண்டு மீதியைக் குப்பையில் போட்டேன்.

நால்வரை உட்காரவைத்து, விதித்தாளை மட்டும் கொடுத்துவிட்டு, நீங்கள் வாயைத் திறக்காமல் ஓரமாக உட்காருங்கள். இது மிகக் கடினமான வேலை. "அது அப்படியில்லை" என்று சொல்ல நாக்குத் துடிக்கும். சொல்லக் கூடாது, எந்த இடத்தில் துடித்ததோ அதைக் குறித்துக்கொள்ளுங்கள். அங்கேதான் விதித்தாளைத் திருத்த வேண்டும். எங்கள் தாளில் அப்படி ஐந்து முறை திரும்ப எழுதிய வாக்கியம், ஒரு தெருக் குழாய் எத்தனை தொகுதிகளுக்குப் பொருந்தும் என்பது. கடைசியில் வாக்கியத்தை விட்டுவிட்டு ஒரு படம் போட்டேன். பிறகு யாரும் கேட்கவில்லை.

படி 8: விதிப்புத்தகமும் அச்சும்

ஒருவர் தன் முறையில் என்ன செய்யலாம் என்பதிலிருந்து எழுதத் தொடங்குங்கள். கட்டுவது, குழாய் வைப்பது, விளம்பரம் ஒட்டுவது, நன்கொடை கொடுப்பது ஆகியவற்றில் ஏதேனும் இரண்டு. வரலாற்றை விதிகளுக்கு நடுவே நுழைக்காமல் பக்க ஓரத்தில் சிறு எழுத்தில் போடுங்கள்; விதியைத் தேடுகிறவருக்கு அது குறுக்கே நிற்காது. கட்டடப் படங்களை இணையத்திலிருந்து எடுக்காமல், தரைப்படத்தைப் பார்த்து நீங்களே கோட்டோவியமாக வரையுங்கள். உரிமைச் சிக்கல் வராது, சில்லுகளும் ஒரே கையால் வரைந்தவையாகத் தெரியும். பலகைக்கு ஏ3 தாள் இரண்டை ஒட்டினால் போதும். சில்லுகளுக்கு 300 ஜி.எஸ்.எம். (சதுர மீட்டருக்கு 300 கிராம்) அட்டை, அதைவிட மெல்லியது வியர்த்த கையில் இரண்டு ஆட்டத்துக்குமேல் தாங்காது.

இருவர் மட்டும் விளையாடும்போது தேர்தல் சப்பென்று போய்விடுகிறது. அதற்கு ஆளில்லாத மூன்றாவது குடும்பம் ஒன்றை வைத்திருக்கிறேன். ஒவ்வொரு சுற்றின் முடிவிலும் பகடையை உருட்டி, விழும் எண்ணுக்குரிய தொகுதியில் அதன் விளம்பரச் சில்லு ஒன்றை வைக்க வேண்டும். சதுக்கமும் குளியல்மண்டபமும் போக ஏழு தொகுதிகள். பகடைக்கோ ஆறு முகம். வெசுவியஸ் வாயிலை ஒட்டிய வடகிழக்குத் தொகுதியைக் கணக்கில் விட்டுவிட்டேன்.